ஐந்தாவது வேட்டு

காலையிலேயே மல்லாட்டைச் செடிகள் வாடி நின்றன.

உச்சி வெயிலில் வாடினால் அது வழக்கம்தான். பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். ராத்திரிக் குளிர்ச்சிக்குப் பிறகும் இலை மடங்கியே கிடந்தால் செடி கைவிடப் பார்க்கிறது என்று அர்த்தம். நிலக்கடலைக்குப் பூ உதிர்ந்து விழுது மண்ணுக்குள் இறங்குகிற நேரம் அது. இப்போது ஒரு தண்ணீர் கிடைத்தால் காய் பிடிக்கும். கிடைக்காவிட்டால் மாட்டுக்குப் பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

வரப்பில் உட்கார்ந்து ஓர் இலையை விரலால் பிரித்துப் பார்த்தாள் அமிர்தவல்லி. விட்டதும் அது மறுபடி மடங்கிக்கொண்டது.

“இன்னிக்கி ஒரு நாள் பொறுத்துக்கோ,” என்று அதனிடமே சொல்லிவிட்டு எழுந்தாள்.

கிணற்றுக்குள்ளிருந்து உளிச் சத்தமும் சம்மட்டிச் சத்தமும் மாறி மாறி வந்தன. அரிகிருஷ்ணன் மேஸ்திரியின் ஆட்கள் அடிப்பாறையில் கடைசிக் குழியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். குழிக்குள் வெடிமருந்தைக் கெட்டித்து, திரி வைத்துக் கொளுத்தினால் பாறை பிளக்கும். இன்று மத்தியானம் ஐந்து வேட்டு. அதோடு அவர்கள் வேலை முடிந்தது. நாளைக் காலையில் பனமலையில் வேறொரு கிணறு அவர்களுக்காகக் காத்திருந்தது.

இந்தக் குடும்பத்தோடு கூடவே நடந்து வந்தவர்களுக்கு அமிர்தவல்லியின் புருஷன் ஜெயராமனின் கண் போன கதை தெரியும். இன்றைக்குத்தான் வந்து சேர்கிறவர்களுக்கு மட்டும் நாலு வார்த்தை.

ஜெயராமனின் அப்பா, மேல்சித்தாமூர் அப்பாண்டைராஜ் நயினார் வீட்டில் பண்ணைப் படியாளாகவே காலத்தை முடித்தவர். அந்த வம்சத்தில் சொந்த நிலம் என்று ஒன்றை முதலில் கண்டவன் ஜெயராமன்தான். ராஜகிரி மலையின் நிழல் சாயங்காலத்தில் வந்து விழுகிற தூரத்தில் ஒரு துண்டு மேட்டு நிலம். அதன் நடுவில் பாதி வெட்டிய கிணறு. போன வருஷம் பங்குனியில், ஆள் எதற்கு, நானே வெடித்துக்கொள்கிறேன் என்று இறங்கினான். ஒரு குழி வெடிக்கவில்லை. திரி நமுத்திருக்கும் என்று நினைத்துக் கடப்பாரையோடு கீழே போனான். குனிந்து பார்த்த நேரத்தில் அது வெடித்தது. உயிர் தங்கியது. இரண்டு கண்ணும் போயின.

அந்த நாளை நினைக்கும்போது அமிர்தவல்லிக்கு முதலில் மனசில் வருவது ரத்தம் அல்ல, ஒரு பஸ். கொழுந்தன் ராஜாராம் அண்ணனை முதுகில் சுமந்துகொண்டு கிணற்றுப் படி ஏறி, ரோடு வரைக்கும் ஓடினான். திண்டிவனம் போகிற பஸ் நின்றது. டிரைவர் யாரென்று அவளுக்கு இன்று வரைக்கும் தெரியாது. “வழியில எங்கயும் நிறுத்த மாட்டேன், எறங்கறவங்க திரும்பி வர்ற பஸ்ல வந்துக்குங்க,” என்று சொல்லிவிட்டு நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பஸ் நிறைய ஜனம். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. சந்தைக்குப் போகிற ஒரு கிழவர் தன் புதுத் துண்டை அவிழ்த்து ஜெயராமன் முகத்தில் கட்டினார்.

அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுக்க வழியில்லையே என்று அவள் பல நாள் வருத்தப்பட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகும் மனுஷர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். சொல்லி அனுப்பாமலே களை எடுக்க வந்து நின்ற பெண்கள். பக்கத்துக் கொல்லையிலிருக்கிற தன் கிணறு வற்றுகிற வரைக்கும் வாரம் ஒரு முறை தண்ணீர் விட்ட அப்பாண்டைராஜ் நயினார். வேட்டு வேலை முடியும்வரை அமிர்தவல்லியின் மகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிற, அனந்தபுரத்திலிருக்கிற அவள் அம்மா. செஞ்சி ரைஸ் மில்லில் நிலையான வேலையை விட்டுவிட்டு வந்து ஏர் பிடித்த ராஜாராம்.

ராஜாராம்தான் வீட்டு வாசலிலிருந்து கிணற்றுமேடு வரைக்கும் முளை அடித்துக் கயிறு கட்டினவன். பேச்சில்லாமல் மூலையில் கிடந்த அண்ணனை எழுப்பி அந்தக் கயிற்றைக் கையில் கொடுத்தான். முதல் நாள் ஜெயராமன் பாதி தூரம் போய்விட்டுத் திரும்பிவிட்டான். பிறகு முழு தூரம். பிறகு, மழைக்குக் கிணற்றில் ஊறியிருந்த கொஞ்சத் தண்ணீரை இறைக்க, கவலை மாடுகளை ஓட்டிப் பார்க்கிறேன் என்றான். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும்; பின்னால் நடந்தால் சால் தண்ணீருக்குள் போகும். அந்த நடையைக் காலால் பழகிக்கொண்டான். ஒரு நாள் அவனே சொன்னான்:

“தம்பி, அந்தக் கவுத்த அவுத்துடுடா. காலுல தட்டுது.”

அன்றைக்கு அமிர்தவல்லி அடுப்படிக்குள் போய் அழுதாள். சந்தோஷத்தில் அழுவது அவளுக்கு ரொம்ப நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

ஆனால் கிணற்றுப் படியில் மட்டும் ஜெயராமன் கண் போன நாளுக்குப் பிறகு கால் வைத்ததில்லை.

*

மத்தியானம் கஞ்சி குடித்ததும் மேஸ்திரி தலைத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். திருவண்ணாமலைப் பக்கத்து ஆள். வயசு ஐம்பதைத் தாண்டியும் கை உரம் குறையாதவர்.

“அம்மா, மாட்ட ஓட்டிக்கினு வெக்கப்போருக்கு அந்தப்பக்கம் போயிடுங்க. ராஜாராம், நீ ரோட்டாண்ட நின்னு யாரையும் வுடாத. ஜெயராமு, நீ இன்னா பண்ற?”

“புளியமரத்துக்குப் பின்னால குந்திக்கறேன் மேஸ்திரி.”

“வூட்டுக்குப் போயிடேன்.”

“இல்ல. இங்கியே இருக்கறேன்.”

மேஸ்திரி அவனை ஒரு கணம் பார்த்தார். திரி கொளுத்தக் கீழே இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் “வேட்டு! வேட்டு!” என்று கத்திக்கொண்டே படியேறி ஓடி வந்தார். வைக்கோல் போருக்குப் பின்னால் அமிர்தவல்லி இரண்டு மாடுகளின் தலையையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, தன் முகத்தை ஒன்றின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். மாட்டின் உடம்பு நடுங்கியது. தன் உடம்பா, மாட்டின் உடம்பா என்று அவளுக்கே பிரித்துத் தெரியவில்லை.

தரை உதறியது. ஒன்று. மறுபடி ஒன்று. கல் சிதறி மரக்கிளையில் சடசடவென்று விழுந்தது. மூன்றாவது. அப்புறம் ஒட்டிக்கொண்டு வந்தாற்போல இன்னும் இரண்டு சத்தம். பிறகு காக்கைகளின் கூச்சல் மட்டும்.

“அஞ்சும் ஆச்சு!” என்றார் மேஸ்திரி. முகமெல்லாம் சிரிப்பு. “பழுதில்லாம போச்சு. பொக அடங்கட்டும், எறங்கலாம்.”

ராஜாராம் ரோட்டிலிருந்து ஓடி வந்தான். “அண்ணி, அஞ்சும் நல்ல வேட்டு! பாற தூள் தூளா போயிருக்கும், பாருங்க!”

புளியமரத்துக்குப் பின்னாலிருந்து ஜெயராமன் எழுந்து வந்தான். கோலைத் தட்டிக்கொண்டு மெதுவாகத்தான் வந்தான். குரல் மட்டும் முந்திக்கொண்டு வந்தது.

“மேஸ்திரி, நாலுதான் வெடிச்சுது.”

“இன்னாப்பா சொல்ற? கடைசி ரெண்டும் ஒட்டிக்கினு வந்துச்சே.”

“ஒட்டிக்கினு வந்தது வேட்டு இல்ல. மலை. ராஜகிரி திருப்பிச் சொல்லுச்சு.”

மேஸ்திரி மலையைத் திரும்பிப் பார்த்தார். வெயிலில் வெளுத்துக் கிடந்த பாறைகளும் உச்சியில் கோட்டைச் சுவரும் ஒன்றும் தெரியாததுபோல நின்றன.

“மலையா இருந்தா மொத மூணுக்கும் சொல்லியிருக்கணுமே?”

“சொல்லுச்சு. அது வர்றதுக்குள்ள அடுத்த வேட்டு வந்து மூடிடுச்சு. நாலாவதுக்கப்புறம் மூடறதுக்கு வேட்டு வரல. அதான் தனியா கேட்டுச்சு.”

மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். அவர் தன் ஆட்களைப் பார்த்தார். ஒருவன் ஐந்து என்றான். இன்னொருவன் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன் என்றான்.

“அம்மா, நீங்க?”

அமிர்தவல்லி உதட்டைப் பிதுக்கினாள். “மாட்ட புடிச்சிக்கினு இருந்தேன். எனுக்கும் அஞ்சு மாதிரிதான் கேட்டுச்சு. ஆனா நான் எண்ணலியே.”

“சரி,” என்றார் மேஸ்திரி. “கொஞ்ச நேரம் பாப்போம்.”

பார்த்தார்கள். கிணற்றிலிருந்து எழும்பின புகை மெலிந்து, நூலாகி, இல்லாமலே போய்விட்டது. மேஸ்திரி வெற்றிலை போட்டுத் துப்பினார். வெயில் புளியமரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் திரும்பியது. கீழே ஒரு சத்தமும் இல்லை.

“ஜெயராமு, எனுக்கு அஞ்சுதான் படுது,” என்றார் அவர் கடைசியில். “ஆனா நீ சந்தேகத்த கெளப்பிட்ட. சந்தேகம்னு வந்துட்டா நாளைக்கி விடியற வரைக்கும் எறங்கக் கூடாது. அதான் மொற. ஆனா விடிஞ்சா நான் பனமலைக்குப் போவணும், வாக்குக் குடுத்துட்டேன். அங்க முடிச்சிட்டு வந்துதான் இந்தக் கல்ல அள்ளணும். பாஞ்சு நாள் ஆவும்.”

பதினைந்து நாள்.

அமிர்தவல்லி மல்லாட்டைக் கொல்லையைப் பார்த்தாள். வெயிலில் செடிகள் துணியைப் பிழிந்து போட்டதுபோலக் கிடந்தன. பதினைந்து நாளில் அங்கே சருகுதான் இருக்கும்.

ராஜாராமுக்குப் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு வயசுக்காரன். துண்டை உதறி இடுப்பில் கட்டினான்.

“மேஸ்திரி, நான் எறங்கிப் பாத்துட்டு வந்துடறேன். அஞ்சு குழியும் தொறந்து கெடந்தா இப்பவே கல்லு அள்ளிடலாம். ஒண்ணு மூடிக் கெடந்தா தொடாம மேல வந்துடறேன். எவ்ளோ நேரம் ஆவப் போவுது?”

அவன் இரண்டடி எடுத்து வைத்திருப்பான். ஜெயராமன் கோலைக் கீழே போட்டுவிட்டு, குரல் போகிற திசையில் பாய்ந்தான். தடுமாறி விழப்போனவன் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“போவாதடா.”

“அண்ணா, வுடு.”

“போவாத.”

“அல்லாருக்கும் அஞ்சு கேட்டுச்சு. உனுக்கு மட்டும் நாலா?” ராஜாராமின் குரல் உயர்ந்தது. “அன்னியிலேர்ந்து உனுக்கு ஒரு வெடிச் சத்தம் கேட்டாவே பயம். தீவாளிக்குக்கூட வூட்டுக்குள்ள குந்திக்கினு இருந்த. அந்தப் பயத்துக்கு இந்த வெள்ளாமைய வுட்டுடறதா? அண்ணி ராவும் பகலும் பாடுபட்டது போவட்டுமா?”

சொன்ன பிறகு அவன் முகமே சுருங்கிவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

ஜெயராமன் கோபப்படவில்லை.

“பயந்தான்டா. இல்லேன்னு யாரு சொன்னா? போன வருசம் இதுல பாதி பயம் எனுக்கு இருந்திருந்தா, இப்போ உன் மூஞ்சியப் பாத்துப் பேசியிருப்பேன்.”

ராஜாராம் கையை உருவப் பார்த்தான். முடியவில்லை. கண் போன பிறகு கயிறும் சாலும் இழுத்து இழுத்து ஜெயராமனின் கையில் இரும்பு ஏறியிருந்தது. தள்ளிவிட்டால் அவன் விழுந்துவிடுவான். ராஜாராமால் தள்ளவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“அண்ணி, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு. இந்தக் கைய எடுக்கச் சொல்லுங்க.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

அமிர்தவல்லி கொல்லையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். உள்ளுக்குள் ஒரு குரல், அவன் சொல்வதும் நியாயம்தானே என்றது. பார்த்துவிட்டுத்தானே வரப்போகிறான்? அந்தச் செடிகள் அவள் குனிந்து குனிந்து போட்ட விதை. இந்த வருஷமும் போய்விட்டால் நிலம் கையில் நிற்குமா என்பதே சந்தேகம்.

அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

ஒரு வருஷமாக அவள் படித்துப் பழகின முகம் அது. முன்பெல்லாம் கண்ணைப் பார்த்தே மனசு தெரியும். கண் போன பிறகு உதட்டையும் நெற்றியையும் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கற்றுக்கொண்டாள். பயம் வந்தால் அவனுக்குக் கீழுதடு துடிக்கும். தூக்கத்தில்கூடத் துடிப்பதைப் பார்த்திருக்கிறாள். இப்போது துடிக்கவில்லை. கவலை ஓட்டும்போது சால் நிறைந்துவிட்டதா என்று கயிற்றின் கனத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பானே, அந்த முகம். நிச்சயமாகத் தெரிந்துகொண்ட முகம்.

அவள் அருகில் போனாள். ராஜாராமின் மணிக்கட்டை இறுக்கியிருந்த அந்த விரல்களின் மேல் தன் கையையும் வைத்து, சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி!”

“மல்லாட்ட போனா போவுது ராஜா. அடுத்த பட்டம் போட்டுக்கலாம். உன்ன எந்தப் பட்டத்துல போடறது?”

ராஜாராம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

கிணறு வெடித்தது.

நிலம் காலுக்கடியில் துள்ளியது. கிணற்று வாயிலிருந்து கல்லும் மண்ணும் தூணாக எழும்பின. மேஸ்திரி “படு! படு!” என்று அலறினார். மூவரும் ஒரே முடிச்சாகக் கீழே விழுந்தார்கள். ஜெயராமன் தம்பியின் தலையைத் தன் மார்புக்கு இழுத்து அதன்மேல் கவிழ்ந்துகொண்டான். கற்கள் சுற்றிலும் பொத்துப் பொத்தென்று விழுந்தன. கிணற்று விளிம்பில் வைத்திருந்த கூடைகளில் ஒன்று பறந்து போய்க் கொல்லையில் சின்னாபின்னமாகக் கிடந்தது.

சற்றுப் பொறுத்து, மலை அதைத் திருப்பிச் சொன்னது.

இந்தத் தடவை எல்லாருக்கும் தனியாகக் கேட்டது.

*

புழுதி அடங்கியது. மாடுகளில் ஒன்று கத்தியது.

ராஜாராம் எழுந்து உட்கார்ந்தான். கிணற்றையே வெறித்துப் பார்த்தான். இறங்கியிருந்தால் இந்நேரம் அவன் கடைசிப் படியில் நின்றிருப்பான். அண்ணனின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல விக்கி விக்கி அழுதான்.

“ஒண்ணும் ஆவல. ஒண்ணும் ஆவலடா,” என்று ஜெயராமன் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். அவன் கை தம்பியின் நெற்றி, மூக்கு, இமை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. இமையில் ஈரம் பட்டதும் அங்கேயே கொஞ்சம் நின்றது.

அமிர்தவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். யாருக்கு நன்றி சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. குலசாமிக்குச் சொன்னாள். மலைக்குச் சொன்னாள். ஒரு வருஷத்துக்கு முன் எங்கும் நிற்காமல் போன அந்த பஸ்ஸுக்கும் சொன்னாள். அன்றைக்கு அது நின்று நின்று போயிருந்தால் இன்றைக்கு இந்த மணிக்கட்டைப் பிடிக்க ஒரு கை இருந்திருக்காது.

மேஸ்திரி தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஜெயராமனின் முன்னால் வந்து நின்றார்.

“இத்தினி வருசத்துல வேட்ட நான் தப்பா எண்ணினதே இல்லப்பா. இன்னிக்கி எண்ணிட்டேன். அடிக்குழியில ஈரம் இருந்துச்சு, திரி ஊறிக்கினு எரிஞ்சிருக்குது. நீ சொல்லலன்னா நான்தான் மொதல்ல எறங்கியிருப்பேன். எனுக்கும் மூணு புள்ளைங்க.”

“மலை உங்களுக்குப் புதுசு மேஸ்திரி. நாங்க பொறந்ததுலேர்ந்து அது கூடப் பேசிக்கினு இருக்கறோம்,” என்றான் ஜெயராமன்.

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இந்த முறை அவர் அவசரப்படவில்லை. புகை முழுக்க அடங்கி, வெயில் தணிந்த பிறகு, தான் ஒருவரே இறங்கினார். மேலே எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“ஒண்ணு… தொறந்துகிச்சு!” கீழேயிருந்து குரல் வந்தது. “ரெண்டு… மூணு…” ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்துச் சொன்னார். ஐந்தாவதைச் சொல்ல மட்டும் நேரமாயிற்று.

“மேஸ்திரி?” என்று கூப்பிட்டாள் அமிர்தவல்லி.

அவள் கிணற்று விளிம்புக்கு ஓடினாள்.

“மேஸ்திரி!”

“அம்மா!” அந்தக் குரல் உடைந்து வந்தது. “ஊத்துக்கண் தொறந்துகிச்சும்மா! மேக்கால பாற ரெண்டா பொளந்து, தொடை மொத்தத்துக்குக் கொட்டுதும்மா!”

மேஸ்திரியின் ஆட்கள் ஓ என்று கத்தினார்கள். ராஜாராம் அண்ணனைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். அமிர்தவல்லி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

சத்தம் கொஞ்சம் அடங்கினதும் ஜெயராமன் சொன்னான்:

“என்ன கீழ இட்டுனு போடா.”

சிரிப்பு நின்றது.

“இப்பவா? கல்லெல்லாம் அள்ளினப்புறம் போலாங்க,” என்றாள் அமிர்தவல்லி. அவள் எழுந்து அவனிடம் வந்தாள். “படியெல்லாம் கல்லு கெடக்குது.”

“மேஸ்திரி கீழதான இருக்காரு. அஞ்சும் தொறந்துகிச்சுன்னு அவரே தொட்டுப் பாத்துச் சொல்லிட்டாரு. இப்போ பயப்பட ஒண்ணுமில்ல அமிர்தம்.” அவன் அவள் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பினான். “இன்னிக்கி எறங்கலன்னா நான் எப்பவுமே எறங்க மாட்டேன்.”

அவள் அதற்கு மேல் தடுக்கவில்லை.

ராஜாராம் முன்னால் இறங்கினான். ஜெயராமன் அவன் தோளில் கை வைத்துக்கொண்டான். பின்னால் அமிர்தவல்லி, புருஷனின் இடுப்புத் துணியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். போன வருஷம் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு ராஜாராம் ஏறி வந்த படிகள் அவை. நடுவில் ஓரிடத்தில் ஜெயராமனின் கால் நின்றுவிட்டது. அவள் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள்; கீழுதடு துடித்துக்கொண்டிருந்தது.

ராஜாராம் திரும்பவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. தோளைக் கொடுத்துக்கொண்டு அப்படியே நின்றான். கொஞ்ச நேரத்தில் அந்தக் கால் அடுத்த படிக்கு இறங்கியது.

அடியில் மருந்து நாற்றம் இன்னும் போகவில்லை. அதையும் மீறி ஈரப்பாறையின் வாசனை. மேஸ்திரி கை கொடுத்து அவனை மேற்குப் பக்கத்துக்குக் கொண்டுபோனார். ஜெயராமன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டினான். பாறைப் பிளவிலிருந்து பாய்ந்த தண்ணீர் அவன் உள்ளங்கையில் அடித்துச் சிதறியது.

அவன் சிரித்தான். கண் போன பிறகு அப்படி வாய் விட்டு அவன் சிரித்து அமிர்தவல்லி கேட்டதில்லை.

“சில்லுனு இருக்குது அமிர்தம். கைய வச்சுப் பாரேன்.”

இரண்டு கையிலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டான். வடு விழுந்த இமைகளின் மேல், கன்னத்தின் மேல், தண்ணீர் வழிந்தது. இன்னொரு முறை ஏந்திக் குடித்தான். மண்ணும் கலங்கலுமான தண்ணீர்தான். ஆனால் யாரும் குடிக்காதே என்று சொல்லவில்லை. அமிர்தவல்லியும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். நெஞ்சு வரைக்கும் குளிர்ந்து இறங்கியது.

“இந்த எடந்தான்,” என்றான் ஜெயராமன் மெதுவாக. “போன வருசம் நான் விழுந்து கெடந்த எடம். இதே மேக்குப் பாற. இதுக்குள்ள இத்தினி தண்ணிய வச்சிக்கினு சும்மா நின்னுகினு இருந்திருக்குது பாரு.”

அவன் குரலில் குறை இல்லை. தெரிந்த மனுஷன் ஒருவனைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது.

*

பொழுது சாய்கிறபோது மல்லாட்டைக் கொல்லையில் முதல் தண்ணீர் ஓடியது. கல் அள்ளுவது பாக்கி இருந்தாலும் சால் இறங்குகிற அளவுக்குக் கிணற்றில் தண்ணீர் கட்டிவிட்டிருந்தது. ஜெயராமன் கவலை ஓட்டினான். அமிர்தவல்லி மடை திருப்பினாள். காய்ந்த மண் உஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டு குடித்தது. நாளைக் காலையில் எந்தச் செடி நிமிரும், எது நிமிராது என்று இப்போது சொல்ல முடியாது. பாதி பிழைத்தாலும் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

மேல்சித்தாமூரிலிருந்து அப்பாண்டைராஜ் நயினார் சைக்கிளில் வந்து இறங்கினார். வேட்டுச் சத்தத்தில் ஒன்று பிந்தி வந்ததைக் கேட்டு மனசு கேட்காமல் கிளம்பி வந்தாராம். தண்ணீரைப் பார்த்துவிட்டு வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்தார்.

“உங்கப்பா இருந்து பாத்திருக்கணும் ஜெயராமு,” என்றார். சமணர் வழக்கப்படி இருட்டுவதற்கு முன் வீடு போய்ச் சாப்பிட வேண்டியவர், ஆனாலும் ஒரு பாத்தி நிறைகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

மேஸ்திரி ஆட்களுக்கும் சேர்த்து அமிர்தவல்லி உலை வைத்தாள். சோறு பொங்கி, முருங்கைக்கீரைக் குழம்பு கொதித்து, எல்லாரும் வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மேஸ்திரி ரசித்துச் சாப்பிட்டார். ராஜாராம் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“சாப்டுடா. இன்னா யோசன?” என்றாள்.

அவன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“அண்ணா, நான் மேஸ்திரி கூடப் போவட்டுமா?”

“எங்க?”

“பனமலைக்கு. அப்புறம் அவுரு போற எடத்துக்கெல்லாம். இந்த வேலைய மொறையா கத்துக்கலாம்னு இருக்கறேன். அவரையும் கேட்டுட்டேன். அண்ணன் அண்ணி சம்மதிச்சா இட்டுனு போறேன்னாரு.”

அமிர்தவல்லியின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

“இந்த வேலையா?” என்றாள். “இன்னிக்கி நடந்ததுக்கு அப்புறமா?”

“இன்னிக்கி நடந்ததாலதான் அண்ணி.” அவன் நிமிர்ந்தான். மத்தியானம் துள்ளின பையனின் முகம் அல்ல அது. “நம்ம ஊர்ல ஆள் வைக்க வக்கில்லாம தானே எறங்கறவங்க எத்தினி பேரு? அண்ணன் எறங்குச்சே, அது மாதிரி. எப்போ எறங்கக் கூடாதுன்னு தெரிஞ்சவன் ஒருத்தன் நம்ம பக்கத்துல இருந்தா நல்லதுதான? அந்தக் கூடாத நேரம் எப்படி இருக்கும்னு இன்னிக்கி நான் பாத்துட்டேன்.”

மேஸ்திரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஜெயராமனைப் பார்த்தார். ஜெயராமன் கையிலிருந்த கவளத்தை இலையிலேயே வைத்தான்.

“உன் கையப் புடிக்க அங்க நான் இருக்க மாட்டேன்டா.”

“தெரியும்ணா. அதுக்குத்தான் கத்துக்கணும்ங்கறேன்.”

ஜெயராமன் தலையை ஆட்டினான். அது சரி என்பதா, முடியாது என்பதா என்று அமிர்தவல்லிக்குப் புரியவில்லை. பிறகு அவன் அவள் பக்கம் திரும்பினான்.

“இன்னிக்கி என் கை மேல கை வச்சது நீதான் அமிர்தம். இதுக்கும் நீயே சொல்லு. நீ சொல்றதுதான் எனுக்கும்.”

மறுபடியும் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் ராஜாராமின் இலையைப் பார்த்தாள். இரண்டு கண்ணும் பளிச்சென்று தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிற அந்த முகத்தைப் பார்த்தாள். இந்நேரம் இந்த வாசலில் எப்படியெல்லாம் இருந்திருக்கலாமோ, அப்படியெல்லாம் இல்லாமல், பசியோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. இன்றைய நாளிடம் இதற்கு மேல் எதைக் கேட்பதும் பேராசை என்று அவளுக்குப் பட்டது. ஆனால் அவன் கேட்டுவிட்டான். மேஸ்திரி விடிந்ததும் கிளம்பிவிடுவார்.

குழம்பை மொண்டு அவன் சோற்றில் ஊற்றினாள்.

“மொதல்ல சாப்டு,” என்றாள். “நீ சாப்டறத நான் கண்ணார பாத்துக்கறேன். காலையில மேஸ்திரி கெளம்பறதுக்குள்ள மல்லாட்டையப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

ராஜாராம் குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். வாய் நிறைய, பெரிய பெரிய கவளமாக. அவள் அவன் எதிரிலேயே உட்கார்ந்து, இலை காலியாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.